தோட்டத் தொழிலாளியும் உளவியலாரின் அளவுகோலும்

தொழில் உளவியல் தொழிற்சாலைக் கூரையின்கீழ்ப் பிறந்த கலை. ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பேராசிரியராயிருந்த ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் டிராம் வண்டி ஓட்டுநரின் கவனத்தையும் தொலைபேசி நிலையப் பெண்களின் நினைவாற்றலையும் சோதித்தார். அவர் நூல் 1913ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வந்தது. 1921ஆம் ஆண்டில் சி. எஸ். மையர்ஸ் இலண்டனில் இத்துறைக்கெனவே ஒரு நிறுவனம் கண்டார். அதே ஆண்டுகளில் நெகிரி செம்பிலானில் லாபு, சிலியாவ், ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் தமிழர் பெருங்கூட்டமாகப் பால் வெட்டிக்கொண்டிருந்தனர். உலகத்தின் மோட்டார் வண்டிச் சக்கரங்கள் அவர்கள் கைவண்ணத்தால் ஓடின. எனினும் புதிய கலையின் பார்வை அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

பார்வை திரும்பவில்லை என்பது ஒரு குறை. திரும்பினாலும் கையிலிருக்கும் அளவுகோல் தோட்டத்திற்குப் பொருந்துமா என்பது அதனினும் பெரிய வினா. இன்று பல்கலைக் கழகங்களில் பயிற்றப்படும் தொழில் உளவியல் ஓர் எடுகோளின்மேல் நிற்கிறது. வேலை என்பது ஒரு தனிமனிதன் விரும்பி ஏற்கவும் வெறுத்து விலகவும் கூடிய ஒன்று. ஆகவே அவன் மனநிறைவை அளந்தால் வேலையின் தன்மை விளங்கும் என்பதே அந்த எடுகோள். தோட்டமோ வேலையையும் வீட்டையும் பள்ளியையும் கோயிலையும் கடையையும் ஒரே முடிச்சில் கட்டி வைத்திருந்தது. வேலையை விட்டவன் அன்றே வீட்டையும் விட்டான். அத்தகைய இடத்தில் வேலையைப் பற்றி மட்டும் ஒருவனிடம் தனியே கேட்டுவிட முடியுமா?

முதலில் அந்த வேலையையே சற்று உற்று நோக்க வேண்டும். உளவியலார் பலர் தாம் ஆராயும் வேலையைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு வினாத்தாளுக்குப் போய்விடுகின்றனர். பால்வெட்டு ஒரு பத்தியில் அடங்குவதன்று.

விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் கணக்கெடுத்து, நிரை பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் பங்கிற்கு ஏறத்தாழ 400 முதல் 600 வரை மரங்கள் வரும். நிலத்தின் மேடுபள்ளத்தையும் மரத்தின் வயதையும் பொறுத்து இது கூடும், குறையும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் ஆவியாகி மரத்தினுள் அழுத்தம் குறையும், பால் தயங்கும். ஆகையால் இருட்டோடு தொடங்கியாக வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படை ஒன்று உண்டு. பால் ஓடும் குழல்கள் அதை அடுத்தே நெருங்கிக் கிடக்கின்றன. கத்தி அந்தப் படைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு வெளியே நின்றுவிட வேண்டும். அதற்கு முன்பே நின்றால் பால் குறையும். தாண்டிச் சென்றால் மரம் புண்படும். புண்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே முகத்தில் மறுபடி வெட்ட வருபவர் அங்கே திண்டாடுவார். சீவும் பட்டையும் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்துச் சீவினால் மரத்தின் ஆயுள் குறையும். மங்கல் வெளிச்சத்தில் கண்ணைவிடக் கையே இதை அறிகிறது. ஒரு காலையில் சில நூறு முறை இந்த அளவைக் கை காக்கிறது.

இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. கூலி, கொண்டுவரும் பாலின் எடையைப் பொறுத்துக் கூடுமென்றால், ஆழ வெட்டத் தூண்டுதல் பிறக்கும். மரம் கெடக் கூடாதென்றால், நிதானம் வேண்டும். நிதானித்தால் வெயில் ஏறிவிடும். இம்மூன்றுக்கும் நடுவில் ஒரு பெண் (பால் வெட்டுபவரில் பெண்கள் மிகப் பலர்) தன் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு வந்த கவலையோடு நின்று வெட்டுகிறாள். பின்பு மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, வாளி சுமந்து, நிறுக்கும் இடத்தில் நிற்கிறாள். அங்கே எடை மட்டுமன்று, பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்பதும் மெட்ரோலாக் என்னும் கருவியால் அளக்கப்படும். கருவியைப் படிப்பவர் கிராணி. அதன் பொருளை ஏற்பவள் அவள். மழை பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் வற்றும். வெளிச்சந்தையில் ரப்பர் விலை சரிந்தால் கூலியும் சரியும்.

ஊக்கம், கவனம், களைப்பு, திறமை, ஊதிய முறை, மேலாளரின் நடத்தை ஆகிய தொழில் உளவியலின் தலைப்புகள் அனைத்தும் இந்த ஒரு காலைப் பொழுதில் அடங்கியுள்ளன. ஒரு துறைக்கு இதனினும் வளமான களம் அமைவது அரிது.

இனி அத்துறையின் பெருங்கதையைப் பார்க்கலாம். அமெரிக்காவின் சிகாகோ நகரையொட்டிய ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924ஆம் ஆண்டு முதல் 1932ஆம் ஆண்டு வரை ஆராய்ச்சிகள் நடந்தன. ஹார்வர்டைச் சேர்ந்த எல்டன் மேயோவின் பெயர் அவற்றால் நிலைத்தது. தனியறையில் ஐந்து பெண்களைக் கருவிப் பகுதிகள் பூட்டவைத்து, ஓய்வுநேரம், வேலைநேரம் முதலியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தனர். உற்பத்தி உயர்ந்தது. மனிதர்மேல் காட்டிய அக்கறையே உயர்வுக்குக் காரணம் என்ற பாடம் உலகமெங்கும் பரவியது. இன்றும் மேலாண்மை மாணவர் அதை மனப்பாடம் செய்கின்றனர்.

1967ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய உளவியலாளர் அலெக்ஸ் கேரி அந்தப் பாடத்தைக் கடுமையாக மறுத்து எழுதினார். அவர் புதிய உண்மை எதையும் தோண்டி எடுக்கவில்லை. ஆராய்ச்சியாளரின் சொந்த அறிக்கையில் இருந்ததையே எடுத்துக் காட்டினார். ஐவரில் இருவர் மிகுதியாகப் பேசுகின்றனர், ஒத்துழைக்கவில்லை என்று 1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீக்கப்பட்டு, வேறு இருவர் அமர்த்தப்பட்டனர். அவர்களுடைய ஊதிய முறையும் மாற்றப்பட்டது. அந்தச் சிறு குழு எவ்வளவு செய்கிறதோ அவ்வளவுக்கு ஏற்பப் பணம் கூடியது. கண்டிப்பும் காசும் செய்த வேலையை அக்கறையின் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்பதே கேரியின் குற்றச்சாட்டு. அவர் சொன்னது முழுதும் சரியா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஆயின் தோட்டத்தை அறிந்தவருக்கு இந்த வாதம் விளங்கக் கடினமில்லை. ஒத்துழைக்காதவர் நீக்கப்பட்டபின் எஞ்சியவரை மட்டும் எண்ணினால், எந்தத் தோட்டமும் அமைதியான தோட்டமே.

மேயோவின் கதைக்குப் பின் வந்தது மனநிறைவு பற்றிய ஆராய்ச்சி. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதில் பெரும்புகழ் பெற்றது. ஊதியம், மேற்பார்வை, வேலைச் சூழல் ஆகியவை குறைந்தால் மனக்குறை தோன்றும். ஆனால் அவற்றைக் கூட்டுவதால் மட்டும் மனநிறைவு தோன்றாது. சாதனை, பாராட்டு, பொறுப்பு ஆகியவையே மனநிறைவு தரும் என்பது அவர் முடிபு. இதற்கு அடிப்படை என்ன? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியியலாளரும் கணக்காளருமாகிய 203 பேரின் பேட்டிகள். மாதச் சம்பளமும் வேறு வேலைக்குப் போகும் வாய்ப்பும் உடைய மனிதர் அவர்கள். ஊதியத்தை ஒதுக்கிவைத்துப் பேச அவர்களால் முடிந்தது. நாட்கூலியும் எடைக்கூலியுமாக வாழ்ந்த தோட்டத்து மக்கள் மாதச் சம்பளம் வேண்டுமென்று எத்தனை ஆண்டு வாதாடினார்கள் என்பதை அறிந்தவர், ஊதியத்தை இரண்டாம் வரிசையில் வைக்கும் கொள்கையை அங்கே கொண்டுபோகத் தயங்குவர். தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என்ற சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் வந்ததே 2013ஆம் ஆண்டில்தான்.

வினாத்தாளின் மொழியும் தமிழாசிரியர் கருதத்தக்க ஒன்று. 'உங்கள் வேலையில் உங்களுக்குத் திருப்தி உண்டா?' என்ற வினாவைத் தமிழில் கேட்பது எளிது. விடையைப் புரிந்துகொள்வது எளிதன்று. ஆங்கிலச் சொல் ஒரு பொருளைப் பற்றிய மதிப்பீட்டைக் கேட்கிறது. தமிழில் 'திருப்தி', 'மனநிறைவு' என்பவையோ மனிதனின் குணத்தையும் சேர்த்தே சுட்டுகின்றன. உள்ளது போதும் என்றிருத்தல் நம் மரபில் ஒரு பண்பு. அதை மறுத்துச் சொல்வது வேலையைப் பழிப்பதோடு நிற்பதில்லை. தன்னையே பேராசைக்காரன் என்று காட்டிக்கொள்வதாகவும் படும். ஆகவே 'ஏதோ, இருக்கிறோம்' என்ற விடை வருகிறது. அதை ஐந்து கட்டங்களில் எந்தக் கட்டத்தில் குறிப்பது? நான்காவதிலா, மூன்றாவதிலா? குறிப்பவர் எந்தக் கட்டத்தைத் தேர்ந்தாலும் அந்த எண் பின்பு சராசரியாகி, அட்டவணையேறி, உண்மைபோல் நிமிர்ந்து நிற்கும்.

மேலும் வினா எங்கே கேட்கப்படுகிறது? தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்று வருபவரை அலுவலகத்து ஆள் அழைத்து வருவார். மக்களின் பார்வையில் வருபவர் துரையின் விருந்தாளி. விருந்தாளியிடம் வீட்டுக்காரரைக் குறை சொல்வார் உண்டா?

பள்ளிக்கூடத்தை நினைத்தால் இந்தக் கட்டு இன்னும் தெளிவாகும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும். பள்ளி வந்தது, நல்லது. நெகிரி செம்பிலானில் இன்றும் 60க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடப்பதற்கு அந்த வேரே காரணம். ஆனால் அந்நாளைய ஆசிரியர் தோட்டத்தின் ஊழியர். கங்காணியோ கிராணியோ பாடம் நடத்திய இடங்களும் உண்டு. பெற்றோருக்கு வேலை தருபவரும் பிள்ளைக்கு எழுத்துத் தருபவரும் ஒருவரே என்றால், அங்கே 'மேலாளரைப் பற்றிய மனப்பான்மை' என்று தனியே அளக்க என்ன இருக்கிறது?

உளவியலார் வராத காலத்தில் தோட்டத்தில் உளவியலே இல்லாதிருந்ததா என்றால், இருந்தது. அதைத் துரைமாரே நடத்தினர். தமிழன் பணிவானவன், சொன்னதைச் செய்பவன், தானாக எதையும் தொடங்காதவன் என்பது அவர்கள் முடிபு. மலாய்க்காரன் சோம்பேறி, சீனன் உழைப்பாளி ஆயினும் அடங்காதவன் என்பவை அதன் துணை முடிபுகள். கே. எஸ். சந்துவின் 1969ஆம் ஆண்டு நூல் தமிழ்க் கூலியை முதலாளிகள் நாடியதற்கு இந்த 'பணிவு' எவ்வாறு காரணமாயிற்று என்பதை விளக்குகிறது. சையத் உசேன் அலத்தாஸ் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' இன்னும் ஆழச் சென்றது. தோட்டத்துக்குக் கூலியாக வர மறுத்ததே மலாய்க்காரன் சோம்பேறியானதற்குக் காரணம் என்று அவர் காட்டினார். அதன் மறுபக்கம் தமிழனுக்குப் பொருந்தும்: வந்ததே அவன் பணிவானவன் ஆனதற்குக் காரணம். வறட்சியும் கடனும் கங்காணியின் முன்பணமும் கப்பலேற்றிய மனிதனின் நிலைமையை அவன் இயல்பு என்று எழுதிவிட்டனர்.

அந்த இயல்பு எவ்வளவு நாள் நின்றது? போர் முடிந்து ஓராண்டிற்குள் நெகிரி செம்பிலானிலேயே இந்தியத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. அங்கே தம் தொழிற்சங்க வாழ்வைத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954ஆம் ஆண்டில் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமைக்கு வந்தார். பணிவு இரத்தத்தில் ஊறியதென்றால் ஒரு தலைமுறைக்குள் அது எப்படிச் சங்கமாகும்? கள்ளைப் பற்றிய பழியும் இவ்வகையதே. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து நடத்தியபின், மறுநாள் பெரட்டுக்கு வராதவனைக் குடிகாரன் என்று ஏட்டில் எழுதுவது விந்தையான நேர்மை.

பல்கலைக் கழகத்தார் தோட்டத்தை அறவே மறந்தனர் என்று சொல்வது நியாயமாகாது. வந்தவர்கள் வேறு துறையினர். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக் கழகத்தின் ஆய்வாளராக 1960களின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்த ஆர். கே. ஜெயின் என்னும் மானிடவியலாளர் ஒரு தோட்டத்தில் தங்கி ஆராய்ந்தார். 1970ஆம் ஆண்டில் வந்த அவர் நூலில் அத்தோட்டம் 'பால் மெலாயு' என்ற புனைபெயரில் விளங்குகிறது. துரை, கிராணிமார், தொழிலாளர் என்ற அடுக்குகள், கங்காணி முறையின் தேய்வு, சங்கத்தின் வரவு, கோயிலும் திருமணமும் இவற்றோடு பின்னிக் கிடக்கும் விதம் ஆகியவற்றை அவர் ஒரே வலையாகக் கண்டார். சிறை, மனநோய் விடுதி போன்று வாழ்வு முழுவதையும் ஒரே அதிகாரத்தின்கீழ் வைக்கும் இடங்களைப் பற்றி எர்விங் காஃப்மன் 1961ஆம் ஆண்டில் எழுதிய கருத்தும் அவர் ஆய்வில் பயன்பட்டது. அளவுகோல் எதையும் நீட்டாமலே உளவியலார் தேட வேண்டியதன் பெரும்பகுதியை அவர் கண்டுவிட்டார். அவர் அங்கே தங்கி வாழ்ந்ததே அதற்குக் காரணம். குறையும் உண்டு: நூல் ஆங்கிலத்தில் எழுந்தது, பல்கலைக் கழக நூலகங்களில் வாழ்வது. யாரைப் பற்றியதோ அவர்கள் கைக்கு அது எட்டவில்லை.

உங்கு அஜிஸ் பொருளியலார். மலாயாப் பல்கலைக் கழகத்திலிருந்து அவர் 1963ஆம் ஆண்டில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட அறிக்கை, 1951 முதல் 1960 வரை தோட்டங்கள் துண்டாடப்பட்டதை ஆராய்ந்தது. ஐரோப்பியக் கும்பினிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர் கூறுபோட்டு மறுவிற்பனை செய்ய, வேலையும் வீடும் ஒருங்கே போன மக்களின் நிலை அதில் எண்களாகப் பதிவாயிற்று. தொழில் உளவியலின் பாடநூல்கள் 'வேலைப் பாதுகாப்பின்மை' என்று ஒரு தலைப்பின்கீழ்ப் பேசுவது என்ன என்று அறிய விரும்பும் மாணவன் அந்த அறிக்கையைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

நெகிரி செம்பிலானைப் பொறுத்தவரை இன்னொரு செய்தி வருத்தம் தருவது. ஆராய்ச்சியாளர் கால் படாத மாநிலமன்று அது. தாய்வழி உரிமையைப் போற்றும் அதன் மலாய் வழக்காறு உலக அறிஞரை ஈர்த்தது. டி யொசெலின் டி யோங் 1951ஆம் ஆண்டிலும், ஜெலபு வட்டாரத்தைப் பற்றி மைக்கேல் சுவிப்ட் 1965ஆம் ஆண்டிலும், ரெம்பாவ் பற்றி மைக்கேல் பெலெட்ஸ் 1988ஆம் ஆண்டிலும் நூல்கள் தந்தனர். போற்றத்தக்க பணி. ஆனால் அந்தக் கம்பங்களுக்குப் போகும் சாலையின் இருமருங்கும் பால்மரக் காடு, காட்டினுள் லயம், லயத்தில் தமிழர். நெகிரி செம்பிலான் என்றால் மலாய்க் கம்பம் என்று ஆராய்ச்சி உலகம் வகுத்துக்கொண்ட பின், லயம் அந்த மாநிலத்தின் பகுதியாகவே தோன்றாமற் போயிற்று. நாட்டின் முதல் உளவியல் துறை, 1970ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலேசியத் தேசியப் பல்கலைக் கழகத்தில் தோன்றியது. அதன் பாங்கி வளாகம் நெகிரி செம்பிலான் எல்லைக்கு அண்மையில் இருப்பது. அத்துறை வேரூன்றிய ஆண்டுகளிலேயே தோட்டங்கள் கலையத் தொடங்கின.

தொழில் உளவியலால் தோட்டத்திற்கு நன்மையே விளையாது என்பது இதன் கருத்தன்று. அத்துறைக்குள்ளேயே வேறொரு வழியும் உண்டு. இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953ஆம் ஆண்டில் அகமதாபாத்துக் காலிகோ ஆலைக்கு வந்தார். தானியங்கித் தறிக் கொட்டகை ஒன்றில் 224 தறிகளை 29 பேர் 12 வகை வேலைகளாகப் பிரித்துக்கொண்டு, யார் யாருக்குப் பொறுப்பு என்று தெரியாமல் இயங்கிக்கொண்டிருந்தனர். புதிய எந்திரம் வந்தும் விளைவு உயரவில்லை. குற்றம் தொழிலாளியின் மனத்தில் என்று ரைஸ் சொல்லவில்லை. வேலையைப் பிரித்த முறையில் என்று கண்டார். ஒரு சிறு குழு ஒரு தறித்தொகுதிக்கு முழுப் பொறுப்பேற்கலாம் என்ற கருத்தை முன்வைத்தபோது தொழிலாளரே முன்வந்து குழுக்களை அமைத்துக்கொண்டனர். இந்த முறை எல்லாக் கொட்டகைகளிலும் நிலைக்கவில்லை. அவருடன் பணியாற்றிய எரிக் மில்லர் 1970ஆம் ஆண்டில் மறுபடி பார்த்தபோது சில இடங்களில் பழைய முறை திரும்பியிருந்தது. அதையும் அவர் மறைக்காமல் வெளியிட்டார். ஆராய்ச்சியின் நாணயம் அதுவே.

அகமதாபாத்தைத் தோட்டத்தில் அப்படியே நடமுடியாது. தறியைச் சுற்றிக் குழு கூடும். மரத்தை ஒருவர் தனியே வெட்டுகிறார். ஆனால் கேள்வியை இடம்பெயர்க்கலாம். பால்வெட்டும் எடைக்கூலியும் மரத்தின் நலமும் ஒன்றையொன்று இடிக்கும்படி அமைத்தவர் யார்? நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக்கைப் படிக்கும் உரிமை வெட்டுபவருக்கும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதிகாலைப் பெரட்டில் நிரை பிரிப்பதை வெட்டுபவரே முறைவைத்துச் செய்திருந்தால்? திருப்தி உண்டா என்பதைவிட இவை கேட்கத்தக்க வினாக்கள்.

இன்று கேட்பதற்கு ஆள் யார் என்பதே இடர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சிரம்பானைச் சுற்றியும் நீலாய்ப் பக்கமும் தோட்ட நிலங்கள் நகரியங்களாயின. லயத்து மக்களின் பிள்ளைகள் தொழிற்பேட்டைகளிலும் அடுக்கு வீடுகளிலும் இருக்கின்றனர். முப்பது நாற்பது ஆண்டு வெட்டிய முதியோர் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் மேல் எந்தத் துரைக்கும் இன்று பிடி இல்லை. அனுமதி வாங்க வேண்டியதில்லை, கிராணி அருகில் நிற்பதுமில்லை. எது அச்சம், எது பெருமிதம், எந்த மேற்பார்வையாளரை எதனால் மதித்தார்கள், கை எப்போது அந்த ஒரு மில்லிமீட்டரைக் கற்றது என்று அவர்கள் இப்போது தடையின்றிச் சொல்லக்கூடும். பெரட்டு, நிரை, மங்கு, கட்டிப்பால் என்னும் சொற்களை அறிந்த ஒருவர்தான் அவர்களிடம் அதைக் கேட்க முடியும். அத்தகையோர் உளவியல் துறைகளைவிடத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறையில்தான் மிகுதி. இருதரத்தாரும் ஒரு மேசையில் அமர்ந்து வினாக்களை வகுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

தோட்டங்களில் இப்போது பெரும்பாலும் வேலை செய்பவர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் வந்தவர்கள். வேலையும் குடியிருப்பும் நாட்டில் தங்கும் உரிமையும் அவர்களுக்கு ஒரே முதலாளியிடம் கட்டப்பட்டுள்ளன. பழைய லயத்தின் முடிச்சு அவிழவில்லை, ஆள் மாறியிருக்கிறார். மனநிறைவு வினாத்தாள் இனி அவர்கள் கையிலும் போகுமானால், அதை எந்த மொழியில் யார் பெயர்த்தார், எவர் அனுமதியுடன் கேட்டார், விடை சொல்லும்போது அருகில் யார் நின்றார் என்பவற்றை ஆய்வேடுகள் அட்டவணைகளுக்கு முன்பாகவே எழுதிவைக்க வேண்டும்.